தவ்பாவுக்கு ஒரு துணை

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் வீடு இராது. மக்தபில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளையும் அதனைச் சொல்லிவிடும். ஆகவே, அது ஹராம் என்பதை நிலைநாட்ட இக்கட்டுரையை நாம் எழுதவில்லை. ஹராம் என்று அறிந்தும், அழுதும், சத்தியம் செய்தும், அதனை விட இயலாமல் தவிக்கும் சகோதரர் ஒருவர் நம் மஹல்லாவில் இருப்பாராயின், அவர் செல்ல வேண்டிய இடம் எது, அவரை அழைத்துச் செல்ல வேண்டியவர் யார் என்பதே இம்மாதம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

நாம் செய்த பிழை

முதலில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெற்று, ஊர் பேர் நீக்கி எழுதுகிறோம்.

மதரஸாவில் ஸனது பெற்று வெளிவந்து, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நாம் இமாமாக இருந்த காலம். ரமளானுக்கு ஒரு வாரம் இருந்தது. இஷா முடிந்து கதவை அடைக்கும் வேளையில் ஒரு தாயும் அவருடைய பதினைந்து வயது மகனும் வந்து நின்றார்கள். "ஹஜ்ரத், பிள்ளைங்க அத்தாவுக்கு ஏதோ புடிச்சிருக்கு. சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்துறாங்க. கை காலெல்லாம் நடுங்குது. வந்து ஓதிப் பாருங்க" என்றார் அந்தத் தாய்.

சென்றோம். விசாரித்தபோது, அவர் பல வருடங்களாகத் தினந்தோறும் குடித்தவர் என்றும், ரமளான் வருகிறதே என்று அஞ்சி, குர்ஆனின் மீது கை வைத்துச் சத்தியம் செய்து, இரண்டு நாட்களாக ஒரு சொட்டும் தொடாமல் அறைக்குள் கிடக்கிறார் என்றும் தெரிந்தது. நாம் ஆயத்துல் குர்ஸியும் குல் சூராக்களும் ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்து, "இன்ஷா அல்லாஹ் சரியாகிவிடும் அம்மா" என்று சொல்லித் திரும்பிவிட்டோம். பஜ்ருக்கு முன் அவருக்கு வலிப்புக் கண்டது. பக்கத்து வீட்டார் ஆட்டோவில் தூக்கிப் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த மருத்துவர் எம்மைத் தனியே அழைத்து, இது ஜின்னும் அன்று, ஷைத்தானும் அன்று. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இவ்வாறுதான் செய்யும். இன்னும் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று விளக்கினார்.

அல்லாஹ்வுக்குப் பயந்து குடியை நிறுத்திய ஒரு மனிதரை, அந்த நல்ல செயலிலேயே மௌத்தாக விட இருந்தோம். ஓதியது பிழையன்று, ஓதுதல் பரக்கத்தானது. ஓதியதோடு நிறுத்தி, மருத்துவரிடம் போகச் சொல்லாமல் வந்ததே நம் பிழை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

உடலின் பிடி

நோயின் தன்மையை வீட்டார் தெரிந்துகொள்ளல் அவசியம். ஆண்டுக்கணக்கில் மது ஊறிய உடலும் மூளையும் அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்கின்றன. அது திடீரென்று நின்றால், 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு ஆகியன தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு அறிவு தடுமாறி, இல்லாத உருவங்கள் தோன்றும், காய்ச்சலும் சேரும். இந்நிலை உயிரைப் பறிக்கக் கூடியது. மருத்துவமனையில் மருந்து கொடுத்து, பி1 வைட்டமினும் செலுத்தி, சில நாட்களில் இந்தக் கண்டத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

ஆகவே, தினமும் அதிகமாகக் குடிப்பவர் நிறுத்த விரும்பினால் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். "அப்படியாயின் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து நிறுத்தலாமா?" என்று சிலர் கேட்பர். மருந்துக்காக மது காய்ச்சுவது பற்றிக் கேட்ட தாரிக் இப்னு ஸுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தன்று, நோயே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஹலாலான சிகிச்சை மருத்துவமனையில் கிடைக்கும்போது அந்த வழிக்கு இடமேது?

மற்றோர் எச்சரிக்கை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம் பெண்கள் வாங்குகிறார்கள். குடித்தால் உடல் ஏற்காதபடி செய்யும் மருந்து ஒன்று மருத்துவத்தில் உண்டு. நோயாளிக்குத் தெரிவித்து, அவர் சம்மதித்து, பரிசோதித்த பிறகே அதனை மருத்துவர் கொடுப்பார். அறியாமல் அதனை உண்டவர் அதன் மேல் குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கி, இருதயம் தாக்கப்பட்டு இறந்துபோகவும் கூடும். கணவரைக் காப்பாற்ற நினைத்தவர் தம்மை அறியாமலே அவர் மரணத்துக்குக் காரணமாகிவிடலாகாது.

சபிப்பது சுன்னத்தன்று

இனி மார்க்கத்தின் வழியைக் காண்போம். அல்லாஹு தஆலா மதுவை ஒரே நாளில் தடை செய்யவில்லை. அதில் பயனைவிடப் பாவமே பெரிது என்று பகரா சூராவின் 219ஆம் வசனத்தில் முதலில் உணர்த்தினான். போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்று நிஸா சூராவின் 43ஆம் வசனத்தில் பிறகு தடுத்தான். மாயிதா சூராவின் 90, 91ஆம் வசனங்களில் முற்றாக விலக்கினான். இப்போது தடை பூர்த்தியாகிவிட்டது. படிப்படியாக விடலாம் என்று எவரும் இதனை ஆதாரமாக்க முடியாது. எனினும், மனித மனத்தை மதுவிலிருந்து பிரிப்பது எத்தகைய கடினம் என்பதைப் படைத்தவன் கருத்தில் கொண்டான் என்பதற்கு இது சான்று.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார், மீண்டும் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் எத்தனை முறைதான் இவர் கொண்டுவரப்படுவார் என்று சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று கூறினார்கள். புகாரியில் காணப்படும் மற்றோர் அறிவிப்பில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்றும் வந்துள்ளது. தண்டனையும் இருந்தது, அன்பும் அறுபடவில்லை. இன்று நம்மிடம் வசை மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஷாம் தேசத்தில் ஒருவர் குடிக்கு ஆளானார் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள், பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனும் அல்லாஹ்வே என்னும் காஃபிர் சூராவின் தொடக்க வசனங்களை எழுதிக் கடிதம் அனுப்பினார்கள் என்றும், அதனைத் திரும்பத் திரும்ப ஓதி அழுது அவர் மீண்டார் என்றும் இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் பதிந்துள்ளார். சறுக்கியவரைத் தூக்கி நிறுத்துங்கள், அவருக்காகத் துஆ செய்யுங்கள் என்பதே அப்போது உமர் (ரலி) அவர்கள் தோழர்களுக்குத் தந்த பாடம்.

ஊரின் பெயரைச் சொன்ன ஆலிம்

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவரின் ஹதீஸ் அனைவரும் அறிந்ததே. உனக்கு மன்னிப்பில்லை என்ற துறவியையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் ஆலிமிடம் சென்றார். அந்த ஆலிம் தவ்பாவின் கதவு திறந்திருப்பதாகச் சொன்னார். அத்தோடு நின்றாரா? இல்லை. இன்ன ஊருக்குச் செல், அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் உண்டு, அவர்களோடு இரு, உன் பழைய ஊருக்குத் திரும்பாதே என்று இடத்தையும் காட்டினார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறோம். ஆனால் குடியை விட விரும்பும் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நான் எங்கே போக?" என்று கேட்டால், சொல்ல நம்மிடம் ஊர்ப் பெயர் இருக்கிறதா? அந்த நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் அவருக்கு அந்தப் பெயர்தான் தேவைப்பட்டது. உடலின் நடுக்கம் நின்றுவிட்டது. மாலை நேரத்து ஆசை நிற்கவில்லை. பழைய கூட்டாளிகள் தெருமுனையிலேயே இருந்தார்கள்.

அந்தக் கூட்டம் யாது?

1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்கு வணிகர், தொழிலில் தோற்று, விடுதி ஒன்றின் கூடத்தில் நின்றிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்து மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி வந்தது. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினாலன்றித் தாம் வீழ்ந்துவிடுவோம் என்று உணர்ந்து, தொலைபேசியில் ஒவ்வொருவராக விசாரித்தார். இறுதியில் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரின் தொடர்பு கிடைத்தது. கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லி வந்த மருத்துவர், இரவு வரை பேசிக்கொண்டிருந்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10ஆம் தேதியையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் ஏ.ஏ. சபையின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். இந்தியாவில் இது 1957இல் டெல்லியில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டிலும் தமிழில் நடக்கும் கூட்டங்கள் உள்ளன.

கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும். கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினருக்குரிய தகுதி. முழுப் பெயர், தொழில், முகவரி எவரும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை மட்டும் சொல்வர். பிறர் குறுக்கிட்டு உபதேசிப்பதில்லை. பேச விருப்பமில்லையெனில் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம். வாடகைக்கும் தேநீருக்குமாக முடிவில் ஒரு பாத்திரம் சுற்றி வரும், போடுவது கட்டாயமன்று. வெளியார் தரும் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. புதியவருக்கு, பல காலம் குடியின்றி இருக்கும் ஒருவர் வழிகாட்டியாக அமைவார். ஆசை எழும் நேரத்தில் அவருக்குத் தொலைபேசியில் பேசலாம்.

"இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் உறுதி. நமக்கோ அல்லாஹ் ஐந்து வேளையை அமைத்துத் தந்திருக்கிறான். லுஹரில் நிற்பவர் அஸர் வரை, அஸரில் நிற்பவர் மஃரிப் வரை என்று வக்துக்கு வக்து தம்மைக் காத்துக்கொண்டால் ஒரு நாள் கடந்துவிடும்.

தேடிச் செல்லும் வழி

ஒன்று: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குச் செல்க. மனநலம் என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குடிநோய்க்கு அங்கேதான் சிகிச்சை. அருகில் நடக்கும் கூட்டங்களைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற தனி நிலையங்களும் உண்டு.

இரண்டு: 14446 என்ற எண் போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநலச் சேவையின் எண் 14416; தமிழிலும் பேசலாம். பேசத் துணிவில்லாத நோயாளிக்காக மனைவியோ மகனோ பேசினாலும் போதும்.

மூன்று: சென்னை போன்ற நகரங்களில் ஏ.ஏ. சபைக்குத் தொடர்பு அலுவலகம் உண்டு. அங்கே பேசும்போது கூட்டத்தின் நாள், நேரம், மொழி, இடத்தின் நுழைவாசல் ஆகியவற்றைக் கேட்டுக்கொள்க. குடிநோயாளிகள் மட்டும் அமரும் மூடிய கூட்டமா, வீட்டாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்பதையும் கேட்க வேண்டும். நாளும் இடமும் மாறுவதுண்டு. ஆகையால் புறப்படும் முன் ஒரு முறை உறுதி செய்துகொள்க.

நான்கு: 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்திலிருந்து கைபேசி வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. வெளிநாட்டில் தனித்து வேலை செய்பவருக்கும், வெளியே வர இயலாத பெண்களுக்கும் இது பெரிய உபகாரம்.

ஐந்து: ஒரு கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் வேறொரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் நாளே பயன் தெரியவில்லை என்று விட்டுவிடலாகாது. முதல் 90 நாட்களில் 90 கூட்டங்களுக்குச் செல்லும்படி பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு.

மூன்று சந்தேகங்கள்

முதற் சந்தேகம்: பாவத்தை மறைக்க வேண்டும் என்பது மார்க்கம், கூட்டத்தில் அதனைச் சொல்லலாமா? தம் பாவத்தைத் தாமே பகிரங்கப்படுத்துபவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது உண்மை. பெருமையாகவும் அலட்சியமாகவும் சொல்வதைப் பற்றியது அது. பாவத்திலிருந்து வெளியேறும் வழியைக் கற்றுத் தருவார் என்று நம்பி ஒருவரிடம் சொல்வதில் குற்றமில்லை, அது நல்லதே என்று இமாம் நவவி (ரஹ்) தம் 'அல்அத்கார்' நூலில் விளக்கியுள்ளார்கள். மேலும், சபையில் பேசப்படுபவை அமானிதம் என்னும் நபிவழியை, பெயர் கேளாமல், வெளியே சொல்லாமல் அக்கூட்டத்தார் நடைமுறையில் காக்கிறார்கள்.

இரண்டாவது: கூட்டம் சில ஊர்களில் மாதா கோவில் வளாகத்தில் நடக்கிறது, பிறமதத்தார் இருக்கிறார்கள், போகலாமா? ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் பாதை அறிந்த வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர் அப்போது குறைஷியரின் மதத்தில் இருந்தவரே என்று புகாரியில் உள்ளது. பாலைவனத்தைக் கடந்தவரிடம் பாதை கேட்பது ஈமானுக்குக் குறைவன்று. நாம் போவது சிகிச்சைக்கே அன்றி வழிபாட்டுக்கு அன்று. அங்கே பொதுவாகச் சொல்லப்படும் பிரார்த்தனையின்போது நாம் மனத்தில் நம் ரப்பிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சபை எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இறைவனை அவரவர் அறிந்தவாறு நாடும்படி விட்டுவிடுகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர முஸ்லிம்கள் 1989இல் 'மில்லத்தி இஸ்லாமி' என்ற பெயரில் இதே முறையை நம் மார்க்கத்துக்கு ஏற்ப அமைத்து நடத்தத் தொடங்கினார்கள். நம் ஊர்களிலும் அவ்வாறு ஒன்று அமைந்தால் நலம். அமையும்வரை நோயாளியைக் காக்க வைக்கலாகாது.

மூன்றாவது: குடித்தவரின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாதாமே, பிறகு ஏன் தொழ வேண்டும்? இந்த ஹதீஸை அரைகுறையாகக் கேட்டுப் பள்ளியையே விட்டவர்கள் பலர். நன்மை கிடைக்காது என்பதே கருத்து. கடமை நீங்காது, தொழுதால் ஃபர்ளு நிறைவேறிவிடும் என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். அதே ஹதீஸில், அவர் தவ்பாச் செய்தால் அல்லாஹ் ஏற்பான் என்றும் வந்துள்ளதை மறக்கலாகாது.

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

தாய்மார்களே! குர்ஆனைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்காதீர்கள். முறிந்தால் குற்றத்தோடு கஃப்பாராவும் சேரும். பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ தர வேண்டும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கூறும் 89ஆம் வசனத்தை அடுத்தே மதுவை விலக்கும் வசனம் மாயிதாவில் வருகிறது. சத்தியத்துக்குப் பதில், "வாங்க, மருத்துவரிடம் போவோம், கூட்டத்துக்கு நானும் வாசல்வரை வருகிறேன்" என்று சொல்லுங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்காகவே 'அல்-அனான்' என்ற கூட்டம் 1951இலும், பிள்ளைகளுக்கென 'அலட்டீன்' 1957இலும் தொடங்கின. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

ஜமாஅத் பெரியவர்களே! பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்துக்குக் கீழே அந்த இரண்டு எண்களையும், அருகில் உள்ள கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். யாருக்காக என்று எழுத வேண்டாம். தேவையுள்ளவர் கண்ணில் அது படும்.

இனி அந்தச் சகோதரரைப் பற்றி. மருத்துவர் சொன்ன முகவரிக்கு ஒரு வியாழன் மாலை நாமே அவருடன் சென்றோம். பள்ளிக்கூடம் ஒன்றின் பின்வாசல். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று அவர் தயங்கினார். "பாய், பார்ப்பவரும் அதே வாசலுக்குத்தானே வந்திருப்பார்?" என்றோம். சிரித்துவிட்டு உள்ளே போனார். மூடிய கூட்டமாதலால் நாம் எதிரே தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். வெளியே வந்தவர், "ஹஜ்ரத், நான் ஒருத்தன்தான் இப்படின்னு இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். இடையில் ஒரு முறை சறுக்கினார்; மறுநாளே கூட்டத்துக்குத் திரும்பினார். அதன்பின் மூன்று ரமளான்கள் கடந்துவிட்டன. அன்று நம் கதவைத் தட்டிய மகன் இப்போது தராவீஹில் தம் அத்தாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

யா அல்லாஹ்! இந்த நோயில் சிக்கியவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைச் சுமக்கும் வீட்டாருக்குப் பொறுமையையும், அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய எங்களுக்கு விளக்கத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.